சயாம் நாட்டுத் தென்னகரில் சிவபெருமான்
நக்கோன் சி தம்மராத் நகரின் கோயில்களும் அருங்காட்சியகமும்



திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் சிவபெருமானை வழிபடும் முறையை ஆகமங்கள் விரித்துரைக்கின்றன. கோபுரத்தைக் கண்டதும் கைகூப்புவது முதல், வலம் வந்து கொடிமரத்தின் முன் வீழ்ந்து வணங்கி விடைபெறுவது வரை யாவும் நமக்குப் பழக்கமானவையே. ஆனால், பூசையும் திருவிளக்கும் இன்றி, அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு நிறுத்தப்பெற்ற திருமேனியின் முன் ஓர் அடியவன் என் செய்தல் வேண்டும்? கைகூப்பலாமா? கலைப்பொருளாகக் கண்டு நகர்ந்துவிடலாமா? அயல்நாடு செல்லும் அன்பர்கள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வினா பலருடைய உள்ளத்திலும் எழுகின்றது.

இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்றதோர் ஊர், முன்னர்ச் சயாம் என்று வழங்கப்பெற்ற தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ளது. நக்கோன் சி தம்மராத் என்பது அதன் பெயர். அங்குள்ள கோயில்களையும் அருங்காட்சியகத்தையும் காணச் செல்வோர்க்கு வழிகாட்டவும், அவை நமக்கு உணர்த்தும் செய்தியைச் சிந்திக்கவும் இக்கட்டுரை எழுந்தது.

ஊரும் பேரும்

பாங்காக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 780 கிலோமீட்டர் தொலைவில், தீபகற்பத்தின் கீழைக் கடற்கரையை அடுத்து இந்நகரம் அமைந்துள்ளது. மாலையில் பாங்காக்கில் புகைவண்டி ஏறினால் மறுநாள் சென்று சேரலாம். 'நகர ஸ்ரீ தர்மராஜ' என்னும் வடமொழிப் பெயரே தாய் மக்களின் நாவில் நக்கோன் சி தம்மராத் என்று திரிந்தது. அறவழி நின்ற அரசனின் திருநகர் என்பது அதன் பொருள்.

இதற்கும் முற்பட்ட பெயர் தாம்பிரலிங்கம் என்பதாகும். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்தியபோது வென்ற ஊர்களின் வரிசையை அவன் மெய்க்கீர்த்தி கூறுகின்றது. அதில் வரும் மாதமாலிங்கம் என்பது இத்தாம்பிரலிங்கமே என்று வரலாற்றறிஞர் கொள்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்நாட்டை ஆண்ட சந்திரபானு என்பவன் ஈழத்தின்மேல் இருமுறை படையெடுத்தான். இறுதியில் பாண்டியர் படையோடு பொருது மாண்டான். எனவே, தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் இவ்வூர் முற்றிலும் அயலான ஊர் அன்று. வங்கக் கடலைக் கடந்து வந்த வணிகர்கள் மேற்குக் கரையில் இறங்கி, தீபகற்பத்தின் குறுகிய நிலப்பகுதியைக் கடந்து இக்கீழைக் கரைக்கு வந்தனர். அவர்களோடு தெய்வங்களும் வந்தன.

இன்று இந்நகர மக்களுட் பெரும்பாலோர் தேரவாத புத்த சமயத்தினர். இசுலாமியரும் பலர் உளர். ஆயினும், ஊரின் நடுவே செல்லும் இராச்சதம்னோன் சாலையில் நடந்து செல்வோர்க்குப் பழைய சைவத்தின் சுவடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புலப்படும்.

மகாதாதுவும் காவல் தெய்வங்களும்

நகரின் தலைமைக் கோயில் பிரா மகாதாது என்னும் புத்த விகாரை. ஈழநாட்டுத் தாதுகோபங்களைப் போன்று, கவிழ்த்த மணியின் வடிவில் வெண்ணிறத்தோடு ஓங்கி நிற்கும் பெருந்தூபியும், அதன் பொன் வேய்ந்த முடியும் நெடுந்தொலைவிலிருந்தே காணத்தக்கன. புத்தர்பிரானின் திருப்பல்லைக் காக்கும்பொருட்டுக் கலிங்கத்துத் தந்தபுரத்திலிருந்து புறப்பட்ட தந்தகுமாரனும் ஏமமாலையும் இக்கரையில் ஒதுங்கினர் என்பது இத்தலத்தின் வரலாறாக வழங்குகின்றது. உலகப் பண்பாட்டுச் செல்வங்களாக ஏற்கத் தக்கவை எனத் தாய்லாந்து முன்மொழிந்த தற்காலிகப் பட்டியலில் இவ்விகாரை இடம்பெற்றது.

ஆண்டுதோறும் மாகபூசை நாளில் மக்கள் மிக நீண்ட துகிலைப் பலராகச் சுமந்து ஊர்வலமாக வந்து, பெருந்தூபியைச் சுற்றி அணிவிக்கின்றனர். நம் திருக்கோயில்களில் திருத்தேர் வடத்தை ஊரார் அனைவரும் பிடிப்பதை நினைவூட்டும் காட்சி அது. ஒரே துகிலைப் பலர் தாங்கிச் செல்லும்போது செல்வர் வறியர் என்னும் வேற்றுமை மறைந்துபோகின்றது.

தூபியின் மேடைக்கு ஏறும் படிக்கட்டு ஒரு மண்டபத்தினுள் அமைந்துள்ளது. அங்கே காவல் புரியும் தெய்வங்கள் இருவர்: ஒருவர் சதுக்காம், மற்றவர் இராமதேப். சதுக்காம் என்பது 'கத்துகாமம்' என்பதன் திரிபு என்றும், அது கதிர்காமத்துக் கந்தவேளையே குறிக்கும் என்றும் ஆய்வாளர் சிலர் கருதுவர். ஈழத்தில் புத்த சமயத்தைக் காக்கும் தெய்வங்களுள் கதிர்காமக் கடவுளும் ஒருவராதலின், அச்சமயத்தோடு அவரும் இங்கு வந்து வாயில் காத்தார் என்பது அவர்தம் கருத்து. 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் இத்தெய்வங்களின் பெயரால் வார்க்கப்பெற்ற பதக்கங்களை அணிந்தால் செல்வம் கொழிக்கும் என்னும் வேட்கை தாய்லாந்து முழுதும் பரவியது. பதக்கம் வாங்கத் திரண்ட கூட்டத்தில் நெரிசலும் உயிரிழப்பும் நேர்ந்தன. விரைவில் அவ்வேட்கை தணிந்தது; பதக்கங்களின் விலையும் வீழ்ந்தது. தெய்வத்தைப் பொருளீட்டும் கருவியாகக் கொள்வோர்க்கு இது நல்ல படிப்பினையாகும்.

இவ்விகாரைக்குள் செல்லும் அன்பர்கள் தோளும் முழங்காலும் மறைய ஆடை அணிதல் வேண்டும். காலணியைப் புறத்தே களைதல் வேண்டும். புத்தர் திருவுருவின் முன் அமரும்போது காலை அவ்வுருவை நோக்கி நீட்டுதல் கூடாது. பெண்கள் துறவியரைத் தீண்டுதல் அவ்வூர் வழக்கத்துக்கு மாறானது. பிறர் வழிபடும் இடத்தில் அடக்கம் காட்டுதல் சைவர்க்கு அழகு.

ஈசுவரன் மண்டபம்

இராச்சதம்னோன் சாலையின் இருபுறமும் எதிரெதிரே இரு சிறு கோயில்கள் உள்ளன. ஒன்று ஹோ பிரா இசுவான். மற்றொன்று ஹோ பிரா நராய். 'ஹோ' என்பது மண்டபம். 'பிரா' என்பது நாம் 'திரு' என்பது போன்ற மதிப்புச் சொல். ஈசுவரன் என்னும் பெயர் இசுவான் ஆயிற்று. நாராயணன் என்னும் பெயர் நராய் ஆயிற்று. சிவபெருமானும் திருமாலும் ஒரே வீதியில் எதிரெதிரே எழுந்தருளியுள்ளனர்.

ஈசுவரன் மண்டபம் நம்மூர்க் கருவறைகளைப் போன்றது அன்று. சரிந்த கூரையுடன் தாய் நாட்டு முறையில் எழுந்த சிறு கட்டடம் அது. உள்ளே கல்லாலாகிய சிவலிங்கங்கள் உள்ளன. ஆடவல்லான், உமையம்மை, விநாயகர் ஆகியோரின் படிமங்களும் உள்ளன, இவை படிகளே. பழைய உலோகத் திருமேனிகள் பாதுகாப்பின்பொருட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றுள்ளன.

மண்டபத்தின் அருகே செந்நிறத் தூண்கள் இரண்டு உயர்ந்து நிற்கின்றன. அது ஊசல் மரம். சிவபெருமான் ஆண்டுக்கு ஒருமுறை மண்ணுலகத்துக்கு எழுந்தருளும் நாளில் அவரை மகிழ்விக்க ஊசலாடும் விழா இங்கு நடைபெற்று வந்தது. அவ்விழாவை நடத்தியவர்கள் இந்நகரில் வழிவழியாக வாழ்ந்த அந்தணர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விழா நின்றுபோயிற்று. அந்தணர் குடிகளும் அருகின. தூண்கள் மட்டும் புதுக்கப்பெற்று நிற்கின்றன.

அருங்காட்சியகம்

அதே சாலையில் மகாதாது விகாரையையும் கடந்து தெற்கே சென்றால் நக்கோன் சி தம்மராத் தேசிய அருங்காட்சியகத்தை அடையலாம். 1974ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இக்காட்சியகம், தென்தாய்லாந்தின் பழம்பொருள்களைக் காக்கும் தலையாய இடங்களுள் ஒன்று. தாய்லாந்தின் தேசிய அருங்காட்சியகங்கள் பல திங்களும் செவ்வாயும் மூடப்பெறுதல் வழக்கம். ஆதலால், செல்வோர் நாளை முன்னரே உறுதி செய்துகொள்ளுதல் நலம்.

இங்குள்ள திருமால் திருவுருவங்களுள் ஒன்று சங்கை இடுப்பில் ஊன்றிய நிலையில் அமைந்தது. நாராயணன் மண்டபத்தில் கிடைத்த இது தென்கிழக்காசியாவின் மிகப் பழைய திருமால் உருவங்களுள் வைத்து எண்ணப்படுவது. இப்பகுதியின் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்த சிவலிங்கங்களும் ஆவுடையார்களும் உள்ளன. ஈசுவரன் மண்டபத்தில் ஒருகாலத்தில் பூசை கொண்ட ஆடவல்லானும் உமையம்மையும் விநாயகரும் இங்குதான் உள்ளனர்.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இத்திருமேனிகளின் முன் கைகூப்பலாமா?

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுதல் வேண்டும் என்கின்றது. இறைவன் எங்கும் நிறைந்தவனாயின் இவ்விரண்டையும் தனித்துக் கூறுவது ஏன் என்று கேட்பார்க்கு நம் ஆசிரியர்கள் ஓர் உவமையால் விடை கூறினர். பிற இடங்களில் இறைவன் பாலில் நெய்போல் மறைந்து நிற்கின்றான். இவ்விடங்களில் தயிரில் நெய்போல் விளங்கி நிற்கின்றான் என்பதே அவ்விடை. அருங்காட்சியகத் திருமேனிக்கு ஆகம முறைப்படி பூசை இல்லை. ஆயினும் பாலில் நெய் இல்லாமற் போவதில்லை. கடைவோர் இல்லாமையால் அது வெளிப்படவில்லை. கடையும் மத்து நம் அன்பே.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் கல்லும் மரமும் இன்றி நெஞ்சிலேயே கோயில் எடுத்தார். காஞ்சியில் அரசன் எடுத்த கற்றளிக்குச் செல்லுமுன் சிவபெருமான் அந்த நெஞ்சக் கோயிலுக்கே எழுந்தருளினார். ஆதலின் அருங்காட்சியகத்தில் கற்பூரம் ஏற்ற இயலாதே என்று வருந்த வேண்டா. திருமேனியைத் தீண்டவும் வேண்டா. அமைதியாக நின்று, திருவைந்தெழுத்தை உள்ளே ஓதி, மனத்தால் நீராட்டி மலரிட்டு வணங்குக. காவலர்க்கும் பிற பார்வையாளர்க்கும் இடையூறு இராது; வழிபாடும் குறைவுபடாது.

கல்லில் நின்ற 'அடைக்கலம்'

இவ்வருங்காட்சியகத்தில் தமிழர் ஒவ்வொருவரும் நின்று காணத்தக்க கல் ஒன்று உள்ளது. அது நகரிற் கிடைத்தது அன்று. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள தக்குவாபா என்னும் இடத்தருகே, நாராயணன் மலை எனப்படும் குன்றிலிருந்து கிடைத்தது. அதில் பொறித்துள்ள மொழி தமிழ். காலம் ஒன்பதாம் நூற்றாண்டு. அங்கிருந்த திருமால் திருவுருவக் கூட்டம் தலாங் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. கல்வெட்டு இங்கு வந்து சேர்ந்தது.

கல் சிதைந்துள்ளது. எஞ்சிய எழுத்துகள் ஒரு குளத்தைப் பற்றிக் கூறுகின்றன. நாங்கூர் உடையான் ஒருவன் தோண்டிய அக்குளத்தின் பெயர் அவனிநாரணம். மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர்க்கும், சேனாமுகத்தார் என்னும் படையினர்க்கும் மற்றுஞ் சிலர்க்கும் அக்குளம் அடைக்கலம் என்று கல் உரைக்கின்றது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் சிறப்புப் பெயர். அறுபத்துமூவருள் ஒருவராகிய கழற்சிங்க நாயனார் இவ்வரசரே என்று கொள்வோரும் உளர். சீகாழிக்கு அணித்தே உள்ள நாங்கூரின் பெயரைச் சயாம் நாட்டுக் கல்லில் காண்கின்றோம்.

பொருள் தேடிக் கடல் கடந்தவர்கள் அயல்மண்ணில் முதலில் செய்த அறங்களுள் ஒன்று குளம் தோண்டுதல் என்பதை எண்ணிப் பாருங்கள். தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், அவ்வூரில் நீர்நிலை ஒன்றை அமைத்து, அதனைக் காக்கும் பொறுப்பைக் குழுவினரிடம் ஒப்படைத்தனர். இன்று அக்குளத்தைப் பேணுவார் எவரும் இலர். ஒப்படைத்த சொல் மட்டும் கல்லில் நிற்கின்றது.

மலைமேல் சிவத்தலம்

நகருக்கு வடக்கே, சீச்சோன் வட்டத்தில் காவ் கா என்னும் குன்று உள்ளது. ஒருநாளை இதற்கென ஒதுக்கிச் செல்லுதல் தகும். குன்றின்மேல் செங்கல்லால் ஆகிய பழைய கட்டடங்களின் அடித்தளங்களும் நீர்நிலைகளும் உள்ளன. திருமஞ்சன நீர் வழிந்தோடும் கோமுகை போன்ற கற்கால்வாய்களும், ஆவுடையார்களும், சிவலிங்கங்களும் அகழ்வாய்விற் கிடைத்தன. இயற்கையாய் எழுந்த பாறை ஒன்றையே சுயம்புலிங்கமாகக் கொண்டு வழிபட்டனர் என்று ஆய்வாளர் கூறுவர்.

சோங் கோய் பள்ளத்தாக்கில் ஒரு பாறைக் கல்வெட்டு உள்ளது. பல்லவ எழுத்தில் வடமொழியில் அமைந்த அது சிவபெருமானுக்கு வணக்கம் கூறுகின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு மேற்பட்டதாக அறிஞர் மதிக்கும் அவ்வெழுத்தைக் காட்டின் நடுவே பொறித்தவர் யாவர் என்பதை நாம் அறியோம். ஆனால், அரசனின் வெற்றியைப் பாடாமல் இறைவனுக்கு வணக்கம் சொல்லவே உளி எடுத்தார் என்பதை அறிவோம்.

தோற்பாவையில் விடையேறும் பெருமான்

கோயிலும் காட்சியகமும் தவிர, சிவபெருமானைக் காண இவ்வூரில் மூன்றாவது இடம் ஒன்று உண்டு. தென்தாய்லாந்து மக்கள் விரும்பிக் காணும் தோற்பாவை நிழற்கூத்துக்கு நாங் தலுங் என்பது பெயர். கூத்து தொடங்கும்போது முதலில் முனிவர் உருவம் திரையில் தோன்றும். அதன்பின் பிரா இசுவான் விடைமேல் ஏறி வருவார். அவர் உலா வந்து மறைந்த பின்னரே கதை தொடங்கும். கூத்தை நடத்துவோரும் காண்போரும் சைவர் அல்லர். ஆயினும், சிவபெருமான் எழுந்தருளாமல் கூத்து தொடங்குவதில்லை.

தாய்லாந்தின் தேசியக் கலைஞர் எனச் சிறப்பிக்கப்பெற்ற சுசாத் சப்சின் இக்கலையில் வல்லவர். அவர் 2015ஆம் ஆண்டு மறைந்தார். அவர் தம் இல்லத்திலேயே அமைத்த தோற்பாவை அருங்காட்சியகம் நகரின் காண்டற்குரிய இடங்களுள் ஒன்றாகும். தோலை நுணுக்கமாகத் துளைத்து உருவம் அமைக்கும் முறையையும் பழைய பாவைகளையும் அங்கே காணலாம்.

திருவெம்பாவை சென்ற வழி

ஊசல் விழாவை நடத்திய அந்தணர்களைப் பற்றி முன்னர்க் கூறினோம். அவர்தம் வரலாற்றில் நம் உள்ளத்தை உருக்கும் பகுதி ஒன்று உண்டு.

சயாம் நாட்டின் பழைய தலைநகராகிய அயுத்தியா 1767ஆம் ஆண்டு பர்மியர் படையால் அழிந்தது. அரண்மனைச் சடங்குகளை அறிந்தவர்கள் சிதறினர், ஏடுகள் எரிந்தன. 1782ஆம் ஆண்டு பாங்காக்கில் புதிய தலைநகர் எழுந்தபோது, மரபு அறிந்த அந்தணர்கள் நக்கோன் சி தம்மராத் முதலிய தென்னகரங்களிலிருந்து வரவழைக்கப்பெற்றனர். 1784ஆம் ஆண்டில் பாங்காக்கில் சிவபெருமான், விநாயகர், திருமால் ஆகிய மூவர்க்கும் தேவத்தானம் எழுந்தது. அதன் முன்னே மாபெரும் ஊசல் மரமும் நின்றது.

அங்கே ஆண்டுதோறும் நிகழும் விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய் என்பது. மார்கழி, தை மாதங்களை ஒட்டி நிகழும் அவ்விழாவில் சிவபெருமான் மண்ணுலகில் பத்து நாள் தங்குவதாகவும், அவரைத் தொடர்ந்து திருமால் ஐந்து நாள் தங்குவதாகவும் கொள்வர். கயிலை வாயிலைத் திறக்குமாறு வேண்டி அந்தணர் ஓதும் பாடல், மணிவாசகப் பெருமானின் திருவெம்பாவையே! கிரந்தத்தின் வழிவந்த எழுத்தில் எழுதிய ஏடுகளைக் கொண்டு, தமிழ் என்று அறியாமலும் பொருள் விளங்காமலும், தந்தை ஓதியவாறே மகன் ஓதி வந்தான். இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் ஒப்பிட்டுக் கண்டபின்னரே அது தமிழ் மறை என்பது உலகுக்குத் தெரிந்தது. மாபெரும் ஊசல் 1935ஆம் ஆண்டோடு நின்றது. தேவத்தானத்தினுள் நிகழும் வழிபாடு அதன்பின்னும் தொடர்ந்தது.

ஒரு பாடல் கடலைக் கடந்தது. ஒரு பேரரசின் அழிவையும் கடந்தது. அதனைக் காத்தவர்கள் தமிழறிஞர் அல்லர். ஒரு நாளும் விடாமல் ஓதிய எளிய குடியினர். பொருள் அறியாமல் ஓதினர் என்று அவர்களைக் குறைகூறுதல் தகாது. அவர்கள் ஓதாது விட்டிருந்தால் நாம் ஒப்பிட்டுக் காண ஒன்றும் எஞ்சியிராது.

நாம் கொள்ள வேண்டுவது

அன்பர்களே! ஒரே நகரில் நாம் கண்டவற்றைத் தொகுத்துப் பாருங்கள். திருமேனி உள்ளது, பூசை இல்லை. ஊசல் மரம் உள்ளது, ஊசல் இல்லை. குளத்தைக் காப்பாரின் பெயர் உள்ளது, காப்பார் இல்லை. அங்கிருந்து பாங்காக்குக்குச் சென்ற வழிபாடு மட்டும் உயிரோடு நிற்கின்றது. அதனை நிற்கச் செய்தவர்கள் அதனைத் தம் மக்களுக்குக் கற்பித்த குடும்பத்தினர். கல்லுக்கு நீண்ட ஆயுள் உண்டு. வழிபாட்டின் ஆயுளோ அதனைக் கையேற்கும் அடுத்த தலைமுறையின் கையில் உள்ளது.

இது சயாம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நம் நாட்டிலும் ஒருகாலப் பூசைக்கும் வழியின்றி வாடும் சிற்றூர்ச் சிவாலயங்கள் பல. களவுக்கு அஞ்சிக் காப்பு மையங்களில் பூட்டிவைத்த உலாத் திருமேனிகள் பல. பொருள் அறிந்தும் ஓத நேரமில்லை என்கின்றவர்களும் நம்மிடையே உளர். திருவெம்பாவை நம் தாய்மொழியில் உள்ளது. அதன் ஒவ்வொரு சொல்லும் நமக்கு விளங்கும். பொருள் அறியாதார் இருநூறு ஆண்டுகளாகக் காத்ததைப் பொருள் அறிந்த நாம் கைவிடலாமா?

ஆதலின் நக்கோன் சி தம்மராத்துக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றவர்கள் சென்று காண்க. ஈசுவரன் மண்டபத்தில் மலரிட்டு வணங்குக. அருங்காட்சியகத்தில் ஆடவல்லானின் முன் நின்று, பூசலாரை நினைந்து அகத்தே வழிபடுக. அவனிநாரணக் கல்லின் முன் சிறிது நேரம் நிற்க. செல்ல இயலாதவர்கள் வருந்த வேண்டா. இத்திருவிழா முடிந்து வீடு திரும்பியபின், தம் ஊரில் விளக்கின்றி இருக்கும் சிவாலயம் ஒன்றைத் தேடிச் சென்று வாரம் ஒருமுறையேனும் எண்ணெய் வார்த்துத் திருவிளக்கேற்றுக. செல்லும்போது வீட்டுப் பிள்ளை ஒருவரையும் உடன் அழைத்துச் செல்க. அப்பிள்ளைக்குத் திருவெம்பாவைப் பாடல் ஒன்றைப் பொருளோடு கற்பிக்க. அவ்வாறு செய்வார் உள்ள ஊரில் சிவபெருமான் காட்சிப்பொருள் ஆகார். கண்கண்ட தெய்வமாய் எழுந்தருளியிருப்பார்.

திருச்சிற்றம்பலம்